ஹைவேயை இடிக்கலாம், சரி... அந்த இடம் யாருக்கு? சிரக்யூஸ் நகரம் கற்றுத்தரும் பாடம்

2021 ஜூலை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிரக்யூஸ் நகரத்தில் ஒரு திட்ட அறிக்கை வெளியானது. நகரின் நடுவே ஓடும் 'ஐ-81' ஹைவே மேம்பாலத்தை இடித்துவிட்டு, அந்த இடத்தில் சாதாரண நகரச் சாலை போடும் திட்டம். பாலத்தின் நிழலில் வாழ்ந்தவர்கள் பல வருஷமாகக் கேட்டது கடைசியில் காகிதத்துக்கு வந்துவிட்டது.

ஆனால், வரைபடத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஹைவேயில் வேகமாக வரும் வண்டிகள் நகரச் சாலைக்கு மாறும் இடத்தில் ஒரு ரவுண்டானா. அதிலிருந்து சில நூறு அடி தூரத்தில் டாக்டர் கிங் ஆரம்பப் பள்ளி.

ஹைவேயை எடுங்கன்னு சொன்னா, அதோட வாலைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துப் பக்கத்துல விடுறதா? பெற்றோர்களும் அக்கம்பக்கத்தினரும் கேள்வி எழுப்பினார்கள். 2022 ஏப்ரலில் இறுதி அறிக்கை வந்தபோது, ரவுண்டானா அந்த இடத்தில் இல்லை. பள்ளியை விட்டு விலகி, வடக்கே வான் பியூரன் தெருப் பக்கம் நகர்ந்திருந்தது.

ஒரு வரைபடத்தில் ஒரு வட்டம் நகர்ந்தது. இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். இதே இடத்தில் 1960-களில் ஹைவே கட்டப்பட்டபோது, ஒரு முழு குடியிருப்பே காலியானது. அப்போது அங்கிருந்தவர்களின் பேச்சு எடுபடவில்லை. அதை நினைத்துப் பார்த்தால் அந்த வட்டத்தின் அருமை புரியும்.

முதலில், அங்கே என்ன இருந்தது?

பதினைந்தாவது வார்டு. சிரக்யூஸில் வாழ்ந்த கறுப்பின மக்களில் பெரும்பாலானோரின் முகவரி அதுதான். அதற்கு முன்பு யூதக் குடும்பங்களும் அதிகம் வாழ்ந்த பகுதி. வீடுகள், தேவாலயங்கள், சின்னச் சின்னக் கடைகள் என நெருக்கமான பகுதி.

கறுப்பின மக்கள் எல்லோரும் அங்கேயே இருந்தது தற்செயல் இல்லை. 1930-களில் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று நகரங்களின் வரைபடங்களில் பகுதி பகுதியாகக் கலர் அடித்தது. கறுப்பின மக்கள் வாழும் இடங்களுக்குச் சிவப்பு. அதாவது, 'இங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ரிஸ்க்' என்று அர்த்தம். வேறு பகுதியில் வீடு கிடைக்காது, சொந்தப் பகுதியில் வீட்டைச் சரிசெய்யக் கடன் கிடைக்காது. சில ஆண்டுகளில் வீடுகள் பழசாகும். பிறகு அதே அரசு வந்து, 'இது பாழடைந்த பகுதி, இடித்துவிடலாம்' என்று சொல்லும். அமெரிக்காவின் பல நகரங்களில் இதுதான் நடந்தது.

1949-ல் வந்த வீட்டுவசதிச் சட்டம், இப்படிப்பட்ட பகுதிகளை இடிக்க நிதி கொடுத்தது. 1956-ல் வந்த ஹைவே சட்டம், மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்கும் என்றது. மாநிலம் போட வேண்டியது 10 சதவீதம்தான். ஹைவேயும் வரும், 'பாழடைந்த' பகுதியும் போகும். அதிகாரிகளுக்கு இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பதினைந்தாவது வார்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற வேண்டியிருந்தது. அந்த இடத்தில் சுமார் 2.2 கி.மீ. நீளத்துக்கு மேம்பாலம் எழுந்தது. அதன் ஒரு பக்கம் பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும். பாலத்தை ஒட்டியே, மாநிலத்தின் பழமையான பொதுக் குடியிருப்புகளில் ஒன்றான பயனியர் ஹோம்ஸ். அங்கே இருந்தவர்களுக்கு அடுத்த 50 வருஷமும் மிச்சம் கிடைத்தது சத்தம், புகை, தூசு.

அப்போ, இப்போ ஏன் இடிக்கிறாங்க?

நியாயம் கேட்டதால் மட்டும் இல்லை. உண்மையைச் சொன்னால், பாலத்துக்கு வயசாகிவிட்டது. எந்த மேம்பாலத்துக்கும் ஒரு ஆயுள் உண்டு. ஐ-81 அந்த எல்லையை நெருங்கியபோது, ஏதாவது ஒன்று செய்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தது.

மாநிலப் போக்குவரத்துத் துறையும் உள்ளூர்ப் போக்குவரத்துத் திட்டக் குழுவும் 2000-களின் கடைசியிலேயே பேச்சைத் தொடங்கின. கடைசியில் பெரிய விவாதம் மூன்று வழிகளைச் சுற்றி நடந்தது.

ஒன்று, பழையதை இடித்துவிட்டு அதே இடத்தில் புது மேம்பாலம். இன்றைய விதிகளின்படி கட்டினால் அது முன்னைவிட அகலமாக இருக்கும், பக்கத்துக் கட்டடங்கள் இன்னும் சில காலியாகும்.

இரண்டு, சுரங்கப்பாதை. மேலே அழகாக இருக்கும், ஆனால் செலவு மிக அதிகம்.

மூன்று, 'கம்யூனிட்டி கிரிட்'. நகரத்துக்குள் வேலை இல்லாத வண்டிகளை, ஏற்கெனவே கிழக்கே சுற்றிச் செல்லும் ஐ-481 வழியாகத் திருப்பிவிடுவது. நகரத்துக்குள் வரும் வண்டிகளை ஒரே பாலத்தில் குவிக்காமல், பல தெருக்களில் பிரித்துவிடுவது. மேம்பாலம் இருந்த ஆல்மண்ட் தெருவில், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வசதியான சாலை.

2019-ல் மாநில அரசு மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. 2022 மே மாதம் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு 225 கோடி டாலர்.

எல்லாரும் கைதட்டினாங்களா?

இல்லை. இங்கேதான் 'மக்கள்' என்ற வார்த்தை சிக்கலாகிறது.

புறநகரில் வீடு, நகரத்தில் வேலை என்று தினமும் அந்தப் பாலத்தில் போகிறவர்களும் மக்கள்தான். ஹைவே வாடிக்கையாளரை நம்பி ஹோட்டல், கடை நடத்துகிறவர்களும் மக்கள்தான். 'பயண நேரம் கூடும், எங்க ஊர் வழியா லாரிகள் வரும்' என்ற அவர்களின் கவலை கற்பனை இல்லை.

இந்தத் திட்டத்தை எதிர்த்து 'ரென்யூ 81 ஃபார் ஆல்' என்ற அமைப்பு 2022-ல் நீதிமன்றம் போனது. வேலைகளுக்கு இடைக்காலத் தடை வந்தது. கூடுதல் ஆய்வு தேவை என்று 2023-ல் கீழ் நீதிமன்றம் சொன்னது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே, 2023-லேயே சுற்றுவழி ஹைவேயைத் தயார்படுத்தும் வேலை தொடங்கிவிட்டது. மாற்று வழி ரெடியான பிறகு மேம்பாலம் என்பதுதான் திட்டத்தின் வரிசை.

இங்கே ஒரு கேள்வி முக்கியம். தினமும் 20 நிமிஷம் அந்தப் பாலத்தின் மேலே போகிறவரின் கருத்தும், 24 மணி நேரமும் அதன் கீழே வாழ்கிறவரின் கருத்தும் ஒரே எடையா? கூட்டத்துக்கு வந்த தலைகளை மட்டும் எண்ணினால், புறநகர்தான் ஜெயிக்கும். கார் இருக்கிறவருக்குக் கூட்டத்துக்கு வருவதும் ஈஸி. இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று யோசிக்கும் வாடகைக் குடியிருப்புக்காரரால் எப்படி வர முடியும்?

அதனால்தான் கூட்டம் போட்டால் மட்டும் போதாது. 'நியூயார்க் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன்' என்ற உரிமை அமைப்பு, பாலத்தைச் சுற்றி வாழ்கிறவர்களின் கவலைகளை முன்வைத்து 2020 டிசம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. இடிக்கும் காலத்தில் தூசு, காற்றின் தரம், பிள்ளைகளின் உடல்நலம், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை, காலியாகும் நிலம். என்ஜினீயரிங் வரைபடத்தில் இதில் பாதிக்கு இடமே கிடையாது. குடியிருக்கிறவர்களின் பட்டியலிலோ இவைதான் முதல் வரி.

சரி, அந்த ரவுண்டானா எப்படி நகர்ந்தது?

கோரிக்கை நியாயமாக இருந்தது என்பது ஒரு காரணம். அதைக் காதில் வாங்காமல் விட முடியாதபடி ஒரு சட்டம் இருந்தது என்பது இன்னொரு காரணம்.

1970 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள பெரிய திட்டம் என்றால், அதன் பாதிப்புகளை முன்கூட்டியே ஆராய வேண்டும். சிம்பிளா சொன்னா, ஐ-81 ஆய்வு நடந்த காலத்தில் நடைமுறை இப்படி இருந்தது:

• முதலில் வரைவு அறிக்கை. வேறு என்னென்ன வழிகள் பரிசீலிக்கப்பட்டன என்பதும் அதில் இருக்க வேண்டும்.

• பிறகு, பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறிப்பிட்ட கால அவகாசம்.

• அடுத்து இறுதி அறிக்கை. பொருட்படுத்த வேண்டிய ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால், மறுத்தால் காரணம் வேண்டும்.

• கடைசியாக, முடிவு ஆவணம். அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம்.

ஐ-81 கட்டப்பட்டபோது இந்தச் சட்டம் இல்லை. 2021-ல் இருந்தது. பள்ளிக்கூடம் பற்றிய கேள்வி, யாரோ மைக் பிடித்துப் பேசிவிட்டுப் போனதாக முடியாமல், பதில் சொல்ல வேண்டிய ஆவணமாக மாறியது இப்படித்தான்.

கேட்ட நேரமும் முக்கியம். கோடு இன்னும் பென்சிலில் இருந்தது. டெண்டர் விட்ட பிறகு இதையே கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை நீங்களே யூகிக்கலாம்.

'கருத்துக் கேட்பு' எல்லாம் ஒண்ணுதானா?

இல்லவே இல்லை. 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் எழுதிய ஒரு கட்டுரை இதை ஓர் ஏணியாக விளக்குகிறது. நகரத் திட்டமிடல் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கும் கட்டுரை. ஏணிக்கு எட்டுப் படிகள்.

கீழ்ப் படிகளில் மக்களைக் கூப்பிடுவார்கள், ஆனால் சமாளித்து அனுப்புவதற்காக. நடுப் படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், கமிட்டியில் ஒரு நாற்காலி போடுவார்கள். முடிவு மட்டும் அவர்கள் கையில். மேல் படிகளில்தான் அதிகாரம் பங்கு பிரிகிறது. பேரம் பேசலாம், சில விஷயங்களில் மக்களே முடிவெடுக்கலாம்.

இந்த ஏணியில் வைத்துப் பார்த்தால், ரவுண்டானா கதை நடுப் படிதான். கருத்துக் கேட்டார்கள், ஏற்றார்கள். ஏற்காமல் விட்டிருந்தாலும் பேனா அரசின் கையில்தான் இருந்தது.

இன்னும் கொஞ்சம் மேலே போகும் சின்ன உதாரணம் ஒன்று இருக்கிறது: சத்தத்தைத் தடுக்கும் சுவர்கள். ஹைவே ஓரம் அப்படிச் சுவர் எழுப்புவதற்கு முன், அதனால் யார் வீட்டுக்குச் சத்தம் குறையுமோ அவர்களின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய விதி. வீட்டு உரிமையாளரிடம் மட்டும் கேட்டால் போதாது, அங்கே குடியிருப்பவரிடமும் கேட்க வேண்டும். வாடகைக்காரரின் பேச்சுக்கும் கணக்கு உண்டு என்று விதியிலேயே எழுதியிருப்பது சாதாரண விஷயம் இல்லை.

பெரிய கேள்வி: காலியாகும் நிலம் யாருக்கு?

மேம்பாலமும் அதன் இறக்கச் சாலைகளும் போனால், நகரின் நடுவே ஏக்கர் கணக்கில் நிலம் வெளியே வரும். ஒருபக்கம் பல்கலைக்கழகம், இன்னொருபக்கம் டவுன்டவுன். பத்தாததற்கு, சிரக்யூஸ் பக்கத்தில் பிரம்மாண்ட சிப் தொழிற்சாலை கட்டப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2022 அக்டோபரில் அறிவித்தது. நிலத்தின் மதிப்பு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அங்கே குடியிருப்பவர்களின் பயம் இதுதான்: பாலம் வந்தபோதும் நாங்கள்தான் வெளியேறினோம். பாலம் போகும்போதும் நாங்கள்தான் வெளியேறுவோமா? முதல் முறை புல்டோசர் துரத்தியது, இந்த முறை வாடகை துரத்தும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. பக்கத்து நகரமான ராச்செஸ்டர், தன் 'இன்னர் லூப்' ஹைவேயின் கிழக்குப் பகுதியை 2014 முதல் 2017-க்குள் மண் போட்டு மூடியது. பள்ளத்தில் ஓடிய சாலை போய், சுமார் 6 ஏக்கர் நிலம் கிடைத்தது. அங்கே இன்று அடுக்குமாடி வீடுகள், கடைகள், விரிவாக்கப்பட்ட ஒரு மியூசியம். நகரத்துக்கு நல்ல வெற்றி. ஆனால், புது வீடுகளில் எத்தனை பழைய ஆட்களுக்குக் கட்டுப்படியாகும் என்ற விவாதமும் கூடவே வந்தது. அடுத்து வடக்குப் பகுதியை மூடும் பேச்சில், அந்தக் கேள்வி முதலிலேயே மேஜைக்கு வந்துவிட்டது.

சிரக்யூஸில் மக்களும் உரிமை அமைப்பும் முன்வைத்த ஒரு யோசனை, சமூக நில அறக்கட்டளை. நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். அதன் நிர்வாகத்தில் குடியிருப்பவர்களுக்கும் இடம் உண்டு. வீட்டை வாங்கலாம், விற்கலாம், ஆனால் நிலத்தை விற்க முடியாது. வீட்டை விற்கும்போதும் விலைக்கு வரம்பு உண்டு. அதனால் அடுத்து வரும் குடும்பத்துக்கும் அது எட்டும் விலையிலேயே இருக்கும்.

நடைமுறைக்கு ஒத்துவருமா? பாஸ்டன் நகரின் டட்லி தெருப் பகுதி மக்கள் 1984-ல் ஒன்றுசேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 1988-ல், காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர நிர்வாகம் அவர்களுக்குக் கொடுத்தது. அங்கே நில அறக்கட்டளை வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஆர்ன்ஸ்டைன் ஏணியில் மேல் படி என்றால் இதுதான்.

சிரக்யூஸ் அந்தப் படிக்கு இன்னும் போகவில்லை. ரவுண்டானா விஷயத்தில் வரைபடமே மாறியது. நிலம் விஷயத்தில், கூடிப் பேச ஒரு தனிக் குழு என்ற அளவில்தான் ஏற்பாடு நின்றது. பாலத்தை ஒட்டிய பொதுக் குடியிருப்புகளைப் புதுசாகக் கட்டும் கிழக்கு ஆடம்ஸ் திட்டத்துக்கு 2023-ல் மத்திய அரசு 5 கோடி டாலர் மானியம் கொடுத்தது. இடிக்கப்படும் ஒவ்வொரு மானிய வீட்டுக்கும் பதில் ஒரு வீடு, பழைய குடியிருப்புக்காரர் திரும்பி வரும் உரிமை ஆகியவை அந்த மானியத்தின் நிபந்தனைகள். காகிதத்தில் இருக்கும் அந்த உரிமையோடு எத்தனை பேர் உண்மையில் சாவி வாங்கித் திரும்பி வருகிறார்கள் என்பதுதான் இந்தத் திட்டத்தின் நிஜமான மார்க் ஷீட்.

சியோலில் யார் விடுபட்டார்கள்?

ஹைவே அகற்றம் என்றாலே எல்லோரும் காட்டும் போட்டோ, தென்கொரியத் தலைநகர் சியோலின் சோங்கேசோன் ஓடை. 2003-ல் மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் 5.8 கி.மீ. நீள ஓடையைத் திறந்தார்கள். வெயில் காலத்தில் மக்கள் கால் நனைக்கும் அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் போட்டோவில் இல்லாதவர்கள் உண்டு. மேம்பாலத்தைச் சுற்றி ஏராளமான சிறு கடைகள், தெருவோர வியாபாரிகள். கடைக்காரர்களோடு அரசு தொடர்ந்து பேசியது, மாற்று வணிக வளாகம் கட்டித் தருவதாகச் சொன்னது. வளாகம் கட்டியும் முடித்தது. ஆனால் நகரின் தென்கோடியில் இருந்த அந்த இடமும் அதன் விலையும் பலருக்கு ஒத்துவரவில்லை. தெருவோர வியாபாரிகளைப் பக்கத்தில் இருந்த டோங்டேமுன் ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். சில வருஷத்தில் அந்த ஸ்டேடியத்தையும் இடித்து டிசைன் மையம் கட்டினார்கள். வியாபாரிகள் மறுபடியும் மூட்டையைக் கட்டினார்கள்.

ஓடை தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், நிலத்தில் பட்டா உள்ளவரோடு ஒரு மாதிரியும், வெறும் பிழைப்பு மட்டும் உள்ளவரோடு வேறு மாதிரியும் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம்.

உங்க ஏரியாவுக்கு ஒரு திட்டம் வந்தா... இந்த 5 கேள்விகளைக் கேளுங்க

ஹைவேயாக இருக்க வேண்டும் என்று இல்லை. எந்த நகரத் திட்டத்துக்கும் பொருந்தும்.

1. இன்னும் எதை மாற்ற முடியும்? பாதை, அகலம், இடம் எல்லாம் முடிவான பிறகு பெஞ்சுக்கு என்ன கலர் என்று கேட்டால், அது கருத்துக் கேட்பு இல்லை.

2. கூட்டம் எப்போ, எங்கே, எந்த மொழியில்? வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தால், யார் வர வேண்டாம் என்பது முன்பே முடிவாகிவிட்டது.

3. சொன்னதுக்குப் பதில் எழுத்தில் வருமா? வாய்ச் சொல்லுக்குச் சாட்சி இல்லை.

4. வாடகைக்கு இருப்பவர், தெருவோரக் கடைக்காரர் ஆகியோர் பட்டியலில் இருக்கிறார்களா?

5. காலியாகும் நிலம் யார் பெயரில் போகும்? அதன் மீது முடிவெடுப்பது யார்? இந்தக் கேள்வியைத் திட்டம் முடிந்த பிறகு கேட்டால் லேட்.

முதல் மூன்று கேள்விகளுக்குச் சிரக்யூஸ் ஓரளவு நல்ல பதில் வைத்திருந்தது. அதனால் ஒரு ரவுண்டானா நகர்ந்தது, டாக்டர் கிங் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். ஐந்தாவது கேள்விக்கு அந்த நகரம் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. பதினைந்தாவது வார்டை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வீட்டு வாசல் கிடைக்குமா, கிடைக்காதா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.